வெள்ளையினப் பெற்றோருக்கு இனவெறி எதிர்ப்பு: முதல் ஆறு மாதத்துக்கான வழிகாட்டி

அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் வெள்ளைக்கார மருமகளோ மருமகனோ இருப்பது இன்று சாதாரணம். குழந்தைக்கு நாலு வயதாகிறது. ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து, "என் கை ஏன் அம்மா கை மாதிரி இல்லை?" என்று கேட்கிறது. வெள்ளையினத் தாயோ தந்தையோ உடனே தமிழ்த் துணையின் முகத்தைப் பார்க்கிறார். "இதெல்லாம் உனக்குத்தான் தெரியும், நீயே சொல்லு."

அந்தப் பார்வைக்குத்தான் இந்தக் கட்டுரை. அமெரிக்காவில் வெள்ளையராகப் பிறந்து வளர்ந்தவர் இனவெறியைப் பற்றித் தாமாகவே கற்றுக்கொண்டாக வேண்டும். தமிழ் வாசகர் இதைப் படித்துச் சொல்லலாம், பக்கத்தில் உட்காரலாம், சேர்ந்தும் செய்யலாம். ஆசிரியர் வேலையை மட்டும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். கீழே "நீங்கள்" என்று வருவதெல்லாம் அந்த வெள்ளையினப் பெற்றோரைக் குறிக்கும். தமிழ்ப் பக்கத்தாரிடம் சொல்ல வேண்டியதற்குத் தனிப் பகுதி இருக்கிறது.

முதல் இரண்டு வாரம்: நேரமும் நோட்டும்

வாரத்துக்கு 2 மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு மணி நேரம் படிக்க, அரை மணி நேரம் எழுத, அரை மணி நேரம் வீட்டில் பேச. அதற்கு மேல் வேண்டாம். 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரால் கொல்லப்பட்ட பிறகு இனவெறி பற்றிய புத்தகங்கள் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போயின. ஒரே மூச்சில் பத்துப் புத்தகம் வாங்குகிறவர் இரண்டாவது புத்தகத்தின் பாதியிலேயே களைத்துவிடுவார். ஒரு புத்தகத்தை முடித்த பிறகே அடுத்ததை வாங்குங்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். சிறுவயதில் உங்கள் தெருவில் எந்தெந்த இனத்தார் இருந்தார்கள்? உங்களுக்குப் பாடம் நடத்திய முதல் கறுப்பின ஆசிரியர் எந்த வகுப்பில் வந்தார், அல்லது வரவே இல்லையா? உங்கள் வீட்டில் இனம் பற்றிய பேச்சு எப்போது எழுந்தது, யார் அதை அடக்கினார்கள்? கடந்த ஒரு மாதத்தில் உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர்கள் யார்? இதை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. ஆறாம் மாதம் திரும்ப எடுத்துப் படிப்பீர்கள், அதனால் தேதி போட்டு வையுங்கள்.

சொற்களை நேர்செய்துகொள்ளுங்கள்

இனவெறி என்றதும் பலருக்கு கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளையின வெறி அமைப்பின் முக்காடு போட்ட கூட்டமும் எரியும் சிலுவையும்தான் நினைவுக்கு வரும். அப்படி நினைக்கிறவருக்கு, "நான் அப்படிப்பட்ட ஆள் இல்லையே" என்பதோடு விஷயம் முடிந்துவிடும். ஒருவர் மனத்தில் இருக்கும் வெறுப்பு ஒன்று. சட்டம், வங்கி, பள்ளி, காவல்துறை ஆகியவை பல தலைமுறையாகச் செய்து வைத்த ஏற்பாடு வேறொன்று. எவர் மனத்திலும் வெறுப்பே இல்லாமல் போனாலும் இரண்டாவது தானாக ஓடிக்கொண்டிருக்கும். இனவெறி எதிர்ப்பு என்பது அந்த ஏற்பாட்டைக் கண்டறிந்து, நம் கைக்கு எட்டும் இடத்தில் மாற்றுவது. தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. "நான் சாதி பார்ப்பதில்லை" என்று சொல்கிறவர் எந்தத் தெருவில், யார் விற்ற மனையில் வீடு கட்டியிருக்கிறார் என்று பார்த்தால் விளங்கிவிடும்.

"நான் நிறமே பார்ப்பதில்லை" என்பது வெள்ளையினக் குடும்பங்களில் நல்லெண்ணத்தோடு சொல்லித்தரப்படும் வாக்கியம். "நம் அரசியலமைப்புக்கு நிறம் தெரியாது" என்பது 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன் எழுதிய மறுப்புத் தீர்ப்பில் வருகிறது. இனவாரியாக ரயில் பெட்டியைப் பிரிப்பதை எதிர்த்து எழுதப்பட்ட வரி அது, போற்றத்தக்கது. ஆனால் அதே தீர்ப்பில், வெள்ளை இனமே இந்த நாட்டில் மேலோங்கியது, அது தொடரும் என்றும் அவர் எழுதினார். சீனரைக் குடியுரிமைக்கே இடமில்லாத வேற்றினமாகக் குறிப்பிட்டார். நிறம் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே மேல்கீழ் அடுக்கை அப்படியே வைத்திருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டாம். உங்கள் குழந்தை நிறத்தைப் பார்க்கத்தான் செய்கிறது. பார்த்ததைப் பற்றிப் பேசக்கூடாது என்பதை மட்டும் உங்களிடமிருந்து கற்றுக்கொள்கிறது.

மூன்றாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை: உங்கள் வீட்டின் தாய்ப்பத்திரம்

பெரும்பாலான வழிகாட்டிகள் இந்த இடத்தில் உள்ளத்தை ஆராயச் சொல்லும். நாங்கள் பத்திரத்தை ஆராயச் சொல்கிறோம். நாட்டு வரலாற்றைப் படித்து வருத்தப்படுவது எளிது. சொந்த வீட்டின் காகிதம் கையில் வந்தால்தான் வரலாறு வீட்டுக்குள் வரும்.

முதலில் வரைபடம். 1930களில் வீட்டு உடைமையாளர் கடன் நிறுவனம் என்ற அரசு அமைப்பு 200க்கும் மேற்பட்ட நகரங்களின் குடியிருப்புகளை நான்கு நிறத்தில் தரம் பிரித்தது. பச்சை என்றால் முதல் தரம், அடுத்து நீலம், பிறகு மஞ்சள், கடைசியில் சிவப்பு. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் ஏறத்தாழ எங்கும் சிவப்பில் விழுந்தன. இந்த வரைபடங்களை ரிச்மண்ட் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நகரின் பெயரைத் தட்டி, உங்கள் தெருவைத் தேடுங்கள். வரைபடத்தோடு மதிப்பீட்டாளர் எழுதிய குறிப்புப் படிவமும் பல நகரங்களுக்குக் கிடைக்கும். "நீக்ரோக்கள்" எத்தனை விழுக்காடு, "ஊடுருவல்" உண்டா என்று கேட்கும் கட்டங்கள் அதில் இருக்கும். அந்தப் படிவத்தைக் கட்டாயம் படியுங்கள். வரைபடத்தின் நிறத்தைவிட அந்த மொழிதான் உறைக்கும்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. சிவப்பு வரைபடத்தைப் பார்த்ததும் எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்று நின்றுவிடுகிறார்கள். பெரிய பங்கு 1934இல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்துக்கு உரியது. வீட்டுக் கடனுக்கு அரசுக் காப்புறுதி தந்தது அதுதான். கலப்புக் குடியிருப்புகளை ஆபத்தானவை என்று கருதியது. வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதும்படி அதன் கையேடே பரிந்துரைத்தது.

அடுத்து அந்த நிபந்தனையைத் தேடுங்கள். ஊரில் சார்பதிவாளர் அலுவலகம் போல அங்கே கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) பதிவாளர் அலுவலகம். பல கவுண்டிகளில் பழைய பத்திரங்கள் இணையத்திலேயே உண்டு. இல்லாவிட்டால் நேரில் போங்கள். உங்கள் பத்திரத்தில் மனைப்பிரிவின் பெயர், பிளாக் எண், மனை எண் இருக்கும். அதைக் கொண்டு, விற்றவர் வாங்கியவர் பெயர்ப் பட்டியல் வழியே ஒவ்வொரு கைமாற்றமாகப் பின்னோக்கிப் போங்கள். மனைப்பிரிவை முதலில் உருவாக்கியவர் பதிந்த பத்திரம் வரை போக வேண்டும். 1910 முதல் 1950 வரையான ஆண்டுகளில் பதிவான மனைப்பிரிவு என்றால் கவனமாகப் பாருங்கள். நிபந்தனை உங்கள் விற்பனைப் பத்திரத்தில் இல்லாமல், மனைப்பிரிவு முழுவதற்குமான தனி ஆவணத்தில் இருக்கலாம். "இல்லை" என்று பாதியில் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் அந்தத் தனி ஆவணத்தைப் பார்க்காதவர்கள். மினியாபொலிஸ் என்றால் வேலை எளிது. மினசோட்டா பல்கலைக்கழகக் குழு ஒன்று அந்த நகரின் இத்தகைய பத்திரங்களைத் தேடி வரைபடமாகவே போட்டிருக்கிறது.

உச்ச நீதிமன்றம் 1948இல் ஷெல்லி வழக்கில் இந்த நிபந்தனைகளை நீதிமன்றம் மூலம் நிறைவேற்ற முடியாது என்றது. 1968 ஏப்ரலில் நியாய வீட்டுவசதிச் சட்டம் வந்த பிறகு அவை முற்றிலும் சட்டவிரோதம். ஆனாலும் எழுத்து அப்படியே பத்திரத்தில் கிடக்கிறது. அதன் பலனும்தான். மத்திய வங்கியின் 2022ஆம் ஆண்டுக் குடும்ப நிதிக் கணக்கெடுப்பில், சொத்து வரிசையில் நடுவில் வரும் வெள்ளையினக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்தினுடையது 44,900 டாலர். வீடு வாங்க முடிந்தவர் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினார், அந்தப் பிள்ளை தன் வீட்டுக்கு முன்பணம் பெற்றார். உங்கள் தாத்தா எந்த ஆண்டில், எந்தக் கடனில் வீடு வாங்கினார் என்று குடும்பப் பெரியவர்களிடம் கேட்டு நோட்டில் எழுதுங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த வீரர் என்றால், 1944ஆம் ஆண்டுப் படைவீரர் சட்டத்தின் கீழ் கடன் பெற்றாரா என்றும் கேளுங்கள். அதே போரில் சண்டையிட்ட கறுப்பின வீரர் பலருக்கு அந்தக் கடன் எட்டாமல் போனது. சட்டம் மறுக்கவில்லை, வங்கி மறுத்தது.

வாசிப்பு வட்டம்

மூன்றாம் மாதம் தனியாகப் படிப்பதை விட்டு வட்டமாக உட்காருங்கள். ஆறு பேர் முதல் எட்டுப் பேர் வரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 90 நிமிடம். முதல் 10 நிமிடம் எல்லோரும் ஆளுக்கு ஒரு வரி. அடுத்த 50 நிமிடம் படித்த பகுதி. பிறகு 20 நிமிடம் "அடுத்த கூட்டத்துக்குள் நான் செய்யப் போவது", கடைசி 10 நிமிடம் போன முறை சொன்னதைச் செய்தோமா என்ற கணக்கு. இந்தக் கடைசிப் பத்து நிமிடம் இல்லாத வட்டம் நாலாவது கூட்டத்தில் தேநீர் விருந்தாகிவிடும்.

வெள்ளையர் மட்டும் கூடும் வட்டமா, எல்லோரும் சேர்ந்ததா என்ற கேள்வி எழும். வெள்ளையர் மட்டும் என்றதும் பலருக்கு முகம் சுளிக்கும், அது நியாயமே. கற்கத் தொடங்கும் நிலைக்கு அதுவே நல்லது என்பது எங்கள் கருத்து. தொடக்கக் கட்டத்தில் கேட்கப்படும் கேள்விகள் பல காயப்படுத்துபவை. அவற்றை ஒரு கறுப்பின நண்பர் முன் வைத்து, அவர் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது சம்பளமில்லாத வேலை வாங்குவது. ஆனால் அந்த வட்டம் தன்னைத் தானே மதிப்பிடக் கூடாது. கறுப்பினத்தவர் தலைமையில் நடக்கும் அமைப்பு ஒன்றோடு தொடர்பு வைத்து, அவர்கள் கேட்கும் வேலையைச் செய்ய வேண்டும். பேச்சாளரை அழைத்தால் கட்டணம் கொடுங்கள்.

வட்டத்தில் ஒருவர் அழுவார். அழுகை தவறில்லை. ஆனால் எல்லோரும் படிப்பை விட்டு அவரைத் தேற்றத் தொடங்கினால், பேச வந்த விஷயம் நின்று ஒருவருடைய வருத்தம் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் கொடுங்கள், இரண்டு நிமிடம் விடுங்கள், படித்துக்கொண்டிருந்த பக்கத்துக்குத் திரும்புங்கள். பாவமன்னிப்புக் கேட்பது போல ஆளாளுக்குத் தம் பழைய குற்றங்களைச் சொல்லத் தொடங்குவதும் இதே வகைதான்.

பிள்ளைகளிடம் பேசுவது

மூன்று மாதக் குழந்தை தன்னைச் சுற்றி அடிக்கடி காணும் இனத்தாரின் முகத்தைக் கூடுதல் நேரம் பார்க்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்போதுதான் பிறந்த குழந்தையிடம் அந்த வேறுபாடு இல்லை. 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் மூன்று முதல் ஏழு வயதுக் கறுப்பினக் குழந்தைகள் முன் நிறம் மட்டும் மாறிய பொம்மைகளை வைத்தார்கள். பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையே "நல்ல" பொம்மை என்றார்கள். பள்ளிகளில் இனப்பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய 1954ஆம் ஆண்டு பிரவுன் தீர்ப்பில் அந்த ஆய்வு மேற்கோள் காட்டப்பட்டது. ஆக, "ஐந்து வயது, இப்போதே எதற்கு?" என்று கேட்டால், ஏற்கெனவே தாமதம்.

மூன்று வயது வரை பேச்சைவிடக் கண்ணில் படுவதே முக்கியம். எந்தக் குழந்தை மருத்துவர், எந்தப் பூங்கா, எந்த நூலகக் கதை நேரம் என்று தேர்ந்தெடுப்பது உங்கள் கையில். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் கூடுதலாகக் கார் ஓட்டி, பல இனத்தார் வரும் நூலகத்துக்குப் போவது எந்தப் பாடத்தையும்விடப் பயன் தரும்.

மூன்று முதல் ஆறு வயது வரை நிறத்துக்குப் பெயர் கொடுங்கள். கிரேயான் பெட்டியை எடுத்து வீட்டார் எல்லோருடைய கையையும் வரையச் சொல்லுங்கள். கிரேயோலா நிறுவனம் வெளிர் இளஞ்சிவப்பு ஒன்றுக்கு "தோல் நிறம்" என்றே பெயர் வைத்திருந்தது, 1962இல்தான் "பீச்" என்று மாற்றியது. 2020இல் 24 தோல் நிறங்கள் கொண்ட பெட்டியை வெளியிட்டது. அதை வாங்குங்கள். தோலில் மெலனின் என்ற நிறமி இருக்கிறது, வெயிலிலிருந்து காக்கிறது, அப்பாவுக்கு நிறைய, அம்மாவுக்குக் கொஞ்சம், உனக்கு நடுவில்: இவ்வளவு போதும்.

கடையில் குழந்தை உரக்கக் கேட்கும்: "அம்மா, அந்த மாமா ஏன் இவ்வளவு கறுப்பா இருக்கார்?" உஷ் என்று வாயைப் பொத்துவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. குழந்தைக்கு அதிலிருந்து கிடைக்கும் செய்தி, கறுப்பாக இருப்பது வெளியில் சொல்லக்கூடாத குறை என்பது. குரலைத் தாழ்த்தாமல், "ஆமாம் கண்ணா, அவர் தோலில் மெலனின் நிறைய இருக்கு, அழகான அடர் நிறம். நமக்குக் கொஞ்சமா இருக்கு" என்று சொல்லி, அவர் நிமிர்ந்து பார்த்தால் ஒரு வணக்கம். அவரை நிறுத்தி மன்னிப்புக் கேட்டு, அவர் வாயால் "பரவாயில்லை" என்று வாங்க வேண்டாம். கறுப்பினக் குழந்தைகளின் தலைமுடியைத் தொட்டுப் பார்க்கக் கூடாது என்பதையும் இந்த வயதிலேயே சொல்லிவிடுங்கள்.

புத்தக அலமாரியை எண்ணுங்கள். வீட்டில் உள்ள குழந்தைப் புத்தகங்களைத் தரையில் பரப்பி நான்கு குவியலாகப் பிரியுங்கள்: முக்கியப் பாத்திரம் வெள்ளையர், விலங்கு அல்லது பொருள், கறுப்பினத்தவர், மற்ற இனத்தார். மூன்றாம், நான்காம் குவியலை மறுபடி பிரியுங்கள். எத்தனை புத்தகம் துன்பத்தையும் போராட்டத்தையும் சொல்கிறது, எத்தனை பிறந்தநாளையும் மழையையும் தொலைந்த நாயையும் சொல்கிறது? அடிமைத்தனம் பற்றி மூன்று புத்தகமும் சந்தோஷமான கறுப்பினக் குழந்தை பற்றி ஒன்றுகூட இல்லாமலும் இருந்தால், கறுப்பினத்தவர் என்றாலே பரிதாபம் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். எழுதியவர், வரைந்தவர் யார் என்றும் அட்டையின் உள்பக்கம் பாருங்கள். விஸ்கான்சின்-மாடிசன் பல்கலைக்கழகத்தின் குழந்தை நூல் மையம் 1985இல் எண்ணத் தொடங்கியபோது, அந்த ஆண்டு வெளியான ஏறத்தாழ 2,500 குழந்தைப் புத்தகங்களில் 18 மட்டுமே கறுப்பினத்தவர் படைத்தவை. நூலகத்தில் மாதம் நான்கு புத்தகம் எடுத்தாலே குவியல்கள் மாறும். வாங்கிக் குவிக்க வேண்டாம்.

ஆறு வயதுக்கு மேல் வரலாறு. பள்ளியில் ரூபி பிரிட்ஜஸைப் பற்றிச் சொல்லித்தருவார்கள். 1960 நவம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸில் அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப் பள்ளிக்கு, அரசு மார்ஷல்கள் காவலோடு நடந்து போன ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி. பள்ளியில் கதை அவளுடைய துணிச்சலோடு முடிந்துவிடும். வீட்டில் நீங்கள் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: வாசலில் கத்திக்கொண்டிருந்தவர்கள் யார்? அம்மாக்களும் அப்பாக்களும். தம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு போனவர்கள் யார்? அவர்களேதான். அந்த ஆண்டு முழுவதும் பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை ஒரே ஒரு மாணவிக்குப் பாடம் நடத்தினார். லாயிட் ஃபோர்மேன் என்ற வெள்ளையின மெதடிஸ்ட் போதகர் தம் ஐந்து வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அதே கூட்டத்தின் வழியாக அதே பள்ளிக்குப் போனார். பிள்ளை தன்னை எங்கே வைத்துப் பார்க்கும்? குற்றவாளியாகவும் இல்லாமல், வேடிக்கை பார்ப்பவராகவும் இல்லாமல் வெள்ளையர் ஒருவர் செய்யக்கூடியது ஒன்று இருந்தது என்று காட்ட ஃபோர்மேனின் பெயர் தேவை. ஆனால் அவரைக் கதாநாயகன் ஆக்கிவிடாதீர்கள். கதை ரூபியுடையது.

எட்டு வயதில் ரோசா பார்க்ஸ் வருவார். "களைத்துப்போன கறுப்பினத் தையல்காரி பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழுந்திருக்க மறுத்தார்" என்று மட்டும் சொல்லி விடுகிறார்கள். அவர் அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரின் கறுப்பினத்தவர் முன்னேற்றச் சங்கத்தின் செயலாளர். அவர் மறுத்த நாளான 1955 டிசம்பர் 1க்குச் சில மாதங்கள் முன்புதான் டென்னசியில், போராட்டப் பயிற்சி தரும் ஹைலாண்டர் பள்ளியில் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார். அதே ஆண்டு மார்ச்சில் 15 வயது கிளாடெட் கால்வின் அதே ஊர்ப் பேருந்தில் எழுந்திருக்க மறுத்துக் கைதானார். பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நடந்தது. தற்செயலாகக் களைத்த ஒருவரால் நாடு மாறியது என்று கேட்ட பிள்ளை, அப்படி ஒரு நாள் வரும் என்று காத்திருக்கும். முழுக் கதையைக் கேட்ட பிள்ளைக்கு, கூட்டம் போட்டு, நோட்டீஸ் அடித்து, கார்களை முறை வைத்து ஓட்டி, ஓராண்டுக்கு மேல் நடந்தால் மாறும் என்பது தெரியும்.

பத்து வயதுக்குப் பிறகு காவல்துறை பற்றிப் பேசாமல் தப்ப முடியாது. கறுப்பினப் பெற்றோர் தம் பிள்ளைகளிடம், காவலர் நிறுத்தினால் கையை எங்கே வைக்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று உட்காரவைத்துச் சொல்கிறார்கள். உங்கள் பிள்ளைக்கு அந்தப் பேச்சு ஏன் தேவைப்படவில்லை என்பதைச் சொல்லுங்கள். 2014 நவம்பர் 22 அன்று கிளீவ்லாந்தில் 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் டமிர் ரைஸ் பூங்காவில் பொம்மைத் துப்பாக்கியோடு இருந்தான். அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்தவர், துப்பாக்கி அநேகமாகப் போலி என்றும், சிறுவனாக இருக்கலாம் என்றும் சொல்லியும் அது காவலருக்குப் போய்ச் சேரவில்லை. வந்திறங்கிய இரண்டே விநாடியில் சுட்டார்கள். இதிலிருந்து வீட்டு விதி ஒன்று: நண்பர்களோடு வெளியே விளையாடும்போது பொம்மைத் துப்பாக்கி வேண்டாம். உங்கள் பிள்ளைக்கு விளையாட்டு, கூட வரும் கறுப்பின நண்பனுக்கு ஆபத்து. பெரியவர்களுக்கு இன்னொரு விதி: 911ஐ அழைக்கும் முன், "அவர் என்ன செய்கிறார்?" என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா பாருங்கள். "இங்கே இருக்கிறார்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லாவிட்டால் அழைக்காதீர்கள்.

தமிழ்ப் பக்கத்துத் தாத்தா பாட்டிக்கு

இந்தப் பகுதி நம் வீட்டாருக்கு. மருமகள் ஆறு வாரம் உழைத்துச் சொல்லித்தந்ததை ஊரிலிருந்து வந்த பாட்டி ஒரே வாக்கியத்தில் அழிக்க முடியும்: "வெயில்ல நிக்காதே, கறுத்துடுவே." பேரனைப் பார்த்து "அம்மா மாதிரி நல்ல கலரு" என்பதும் அதேதான். சொல்கிறவர் மனத்தில் அன்பைத் தவிர எதுவும் இல்லை. கேட்கும் குழந்தை, அப்பாவின் நிறம் நல்ல நிறமில்லை என்று எடுத்துக்கொள்ளும். விமானம் ஏறுவதற்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், வந்த பிறகு எல்லோர் முன்னும் திருத்தினால் பெரியவர் மனம் நோகும். "அத்தை, இங்க பிள்ளைங்ககிட்ட நிறத்தைப் பத்திக் குறைச்சுப் பேசறதில்லைன்னு வச்சிருக்கோம். நீங்களும் கூட இருந்து உதவணும்" என்றால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள். இலங்கைத் தமிழ் வீடுகளில் கறுப்பினத்தவரைக் "காப்பிலி" என்று சொல்லும் வழக்கம் இருந்தால் அந்தச் சொல்லை வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். அது வசை.

நாம் இங்கே எப்படி வந்தோம் என்பதும் பேரப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய கதை. 1923இல் பகத் சிங் திந்த் என்ற இந்தியர் குடியுரிமை கேட்ட வழக்கில் இந்தியர் "வெள்ளையர்" அல்ல, ஆகவே குடியுரிமை கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். 1946இல் சட்டம் மாறியபோதும் ஆண்டுக்கு 100 இந்தியருக்கே இடம். கறுப்பினத்தவர் போராடிப் பெற்ற வாக்குரிமைச் சட்டம் வந்த அதே 1965இல்தான் நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கிய குடிவரவுச் சட்டமும் வந்தது. வெள்ளையரும் மற்ற இனத்தாரும் மணப்பதை 1967 ஜூன் வரை 16 மாநிலங்கள் தடைசெய்திருந்தன, உச்ச நீதிமன்றத்தின் லவிங் தீர்ப்பு அதை உடைத்தது.

நான்காம், ஐந்தாம் மாதம்: பள்ளி

கூட்டாட்சிக் கல்வித் துறை ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் குடிமை உரிமைத் தரவு திரட்டி வெளியிடுகிறது. பள்ளியின் பெயரைத் தேடி மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: மொத்த மாணவரில் கறுப்பினத்தவர் பங்கு, இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் அவர்கள் பங்கு, திறன்மிகு வகுப்புகளில் அவர்கள் பங்கு. 2013-14 கல்வியாண்டில் நாடு முழுவதும் அரசுப் பள்ளி மாணவரில் 15.5 விழுக்காடே கறுப்பினத்தவர். இடைநீக்கம் ஆனவர்களில் அவர்கள் 39 விழுக்காடு. உங்கள் பள்ளியின் எண்ணிக்கை சிறியதாக இருந்தால் ஓராண்டை மட்டும் பார்த்து முடிவுகட்டாதீர்கள், இரண்டு மூன்று தரவு ஆண்டுகளை ஒப்பிடுங்கள்.

அந்தத் தாளோடு தலைமை ஆசிரியரிடம் அரை மணி நேரம் கேளுங்கள். குற்றம்சாட்டும் குரல் வேண்டாம். "எந்த நடத்தைக்கு இடைநீக்கம் செய்கிறீர்கள், அதை யார் முடிவு செய்கிறார்?" என்று கேளுங்கள். "மரியாதைக் குறைவு" போன்ற பொத்தாம்பொதுவான காரணங்களில்தான் பாகுபாடு நுழைகிறது. போகுமுன் அந்தப் பள்ளியின் கறுப்பினப் பெற்றோர் ஏற்கெனவே இதைக் கேட்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். கேட்டிருந்தால் அவர்கள் பின்னால் போய் நில்லுங்கள், புதிதாகத் தொடங்காதீர்கள். பள்ளி வாரியக் கூட்டத்தில் பொதுமக்களுக்கு ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடமே கிடைக்கும். 250 சொல்லுக்குள் எழுதி, நேரம் வைத்து வாசித்துப் பாருங்கள். 2021 முதல் சில மாநிலங்கள் இனம் பற்றிய பாடத்துக்குச் சட்டக் கட்டுப்பாடு விதித்துள்ளன. அங்கே ஆசிரியரை மாட்டிவிடாமல், வீட்டிலும் நூலகத்திலும் செய்ய முடிந்ததைச் செய்யுங்கள்.

கண்ணெதிரே நடந்தால்

ஐந்து வழிகள் பயிற்சிகளில் சொல்லப்படுகின்றன: பேச்சைத் திசைதிருப்புவது, பொறுப்பில் உள்ளவரை அழைப்பது, பதிவு செய்வது, முடிந்த பிறகு பாதிக்கப்பட்டவரிடம் போய் விசாரிப்பது, நேராகச் சொல்வது. நேராகச் சொல்வதுதான் வீரம் என்று நினைத்து அதிலேயே தொடங்குகிறவர்கள் சண்டையைப் பெரிதாக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பின்விளைவு பாதிக்கப்பட்டவர் தலையில் விழும். பெரும்பாலும் "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று அவர் பக்கத்தில் போய் நிற்பதே போதும். காணொளி எடுத்தால் அவரிடமே கொடுங்கள், அவர் சொல்லாமல் வெளியிடாதீர்கள்.

நன்றியறிதல் நாள் விருந்தில் உங்கள் மாமா ஏதாவது சொல்வார். வாதத்தில் வெல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் கேட்கிறார்கள், அதனால் அமைதியாக இருக்க மட்டும் கூடாது. "எங்கள் வீட்டில் இப்படிப் பேசுவதில்லை, மாமா" என்று ஒருமுறை சொல்லிவிட்டு உருளைக்கிழங்கை நகர்த்துங்கள். இரவு பிள்ளையிடம் ஏன் சொன்னீர்கள் என்று விளக்குங்கள்.

நீங்களே தவறாகப் பேசிவிட்டால் மூன்று வாக்கியம்: "நான் சொன்னது தப்பு. அது உங்களைக் காயப்படுத்தியிருக்கு. இனி சொல்ல மாட்டேன்." அதோடு "நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை" என்பதைச் சேர்த்தால் மன்னிப்பு வழக்காகிவிடும்.

ஆறாம் மாதம்

முதல் பக்கத்தில் எழுதிய நான்கு பதில்களை எடுத்துப் படியுங்கள். புத்தகங்களை மறுபடி தரையில் பரப்பி எண்ணுங்கள். பள்ளியில் கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா பாருங்கள், வராவிட்டால் அடுத்த வாரியக் கூட்டத் தேதியைக் குறியுங்கள்.

பத்திரத்தில் அந்த நிபந்தனை கிடைத்திருந்தால் அதையும் இப்போது முடித்துவிடலாம். கலிஃபோர்னியா, வாஷிங்டன், மினசோட்டா போன்ற மாநிலங்களில் வீட்டு உரிமையாளரே அதை நீக்கவோ மறுத்துப் பதியவோ சட்டத்தில் வழி உண்டு. கலிஃபோர்னியாவில் கவுண்டி பதிவாளரிடம் நிபந்தனைத் திருத்தப் படிவம் வாங்கி, பழைய ஆவணத்தின் எண்ணைக் குறித்து, நகலில் அந்த வரிகளை அடித்துக் காட்டிக் கொடுக்க வேண்டும். கவுண்டி வழக்கறிஞர் பார்த்த பிறகே பதிவாகும். கொடுப்பதற்கு முன், அடிக்காத பக்கத்தைத் தெளிவாக ஒரு நகல் எடுத்து உங்கள் நோட்டுக்குள் வையுங்கள். பிள்ளைக்குப் பத்து வயதாகும்போது, "நம் வீட்டில் அப்பா தங்கக் கூடாது என்று எழுதியிருந்தது இதில்தான்" என்று காட்ட அது வேண்டும்.